ரோட்ஸ் தீவில் அக்காவின் பெயர்

1

அக்கா பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாள் என்று குருபரப்பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் அவளுடைய கொழுந்தனார். "அண்ணி கொடுத்து வைத்தவர். மஞ்சள் குங்குமத்தோடு அனுப்பி வைத்தோம். ஊர்ப் பெண்களெல்லாம் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்" என்று பெருமையாக எழுதியிருக்கிறார்.

அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். இங்கே பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலையில் சாயம் போடும் இடத்தில் எனக்கு வேலை. கொதிக்கிற தொட்டிகளின் ஆவியில் யார் அழுகிறார்கள், யாருக்கு வியர்க்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த ஆலையில் எனக்குப் பிடித்த விஷயம் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவளுக்குப் பத்து வயது. அவளுடைய அம்மா இந்த ஊர்க்காரி. "நாகம்மா அத்தை இறந்துவிட்டாள்" என்று மெனக்கெட்டுத் தமிழிலேயே சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மாங்காய் ஊறுகாய் அனுப்பினாரே, அவரா என்று இங்கிலீஷில் கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்கு வருத்தம்தானா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். என் கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பள்ளிப் பாடத்தை எழுதப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? ஊறுகாய் பாட்டிலைத் தவிர அத்தை என்று அவளுக்கு நான் எதைக் காட்டினேன்?

கொழுந்தனாருக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அதனால் ஊருக்கே சேர்த்து இதை எழுதுகிறேன். இனி எழுதலாம். வளையலை உடைப்பதற்கு இனி அக்கா இல்லை.

2

மாமாவின் பெயர் முனிராஜ். அக்காவைக் கட்டிக்கொண்டபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில் ஒரு சந்தை நாளில் என்னைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போய், பச்சை குத்துகிற அம்மாவின் முன்னால் இடது கையை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அக்காவின் பெயரைக் குத்த வேண்டும். அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தெலுங்கா, கன்னடமா, தமிழா, எதுவானாலும் எழுதிக் காட்டினால் பார்த்துக் குத்துகிறேன் என்றாள். நான் குச்சியால் புழுதியில் 'நாகம்மா' என்று எழுதினேன். அவள் ஊசியை எடுப்பதற்குள் யாரோ ஓட்டிப்போன ஆடு அதன் மேல் நடந்து 'ம்' அழிந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. 'நாகமா' என்று குத்தி முடித்துவிட்டாள்.

நான் அழாத குறை. மாமா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உடுறா. ஒரு எழுத்து கொறைஞ்சா வலியும் கொறைஞ்சுது" என்றார். அன்றிலிருந்து அக்காவை 'நாகமா' என்றே கூப்பிட ஆரம்பித்தார். வேறு யாரும் அப்படிக் கூப்பிட அவள் விடமாட்டாள்.

பிறகு மத்திகிரிப் பக்கத்துக் குதிரைப் பண்ணையில் எனக்கு எழுத்து வேலை கிடைத்தது. அங்கிருந்த ஒரு துரை ஊருக்குத் திரும்பும்போது, குதிரைகளோடு என்னையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். துரை செத்தார், குதிரைகள் விற்றுப்போயின, நான் மட்டும் இங்கே மிச்சம். யுத்தம் வந்ததும் மாமா பட்டாளத்தில் சேர்ந்தார். யுத்தம் முடிந்த பிறகும் அவரை ஊருக்கு விடவில்லை. துறைமுகத்தில் புதைந்து கிடந்த வெடிகளை எடுக்க ரோட்ஸ் என்ற கிரேக்கத் தீவுக்கு அனுப்பினார்கள். குருபரப்பள்ளியில் கடலைப் பார்த்த ஆள் ஒருவரும் கிடையாது. கடல் பர்கூர் ஏரி மாதிரி இருக்குமா என்று அக்கா எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் சர்க்காரிடமிருந்து காகிதம் வந்தது. 'காணாமற்போனார், இறந்ததாக நம்பப்படுகிறது.' அக்காவின் மாமனார் வீட்டில் காரியத்துக்கு நாள் பார்த்தார்கள். அக்கா வளையல் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, "நம்பப்படுதுன்னா யாரு நம்பறது? நான் நம்பல. நம்பறவங்க பொண்டாட்டி வளையல ஒடைங்க" என்றாளாம்.

சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு வாழ வேண்டுமே. கல்யாண வீடுகளில் மஞ்சள் குங்குமத் தட்டு அவளிடம் வரும்போது தயங்கி நிற்குமாம். கொடுத்தால் நல்லதா, கொடுக்காமல் போனால் பாவமா என்று தெரியாமல் பெண்கள் தவிப்பார்களாம். அவளாகவே எழுந்து சமையல் பக்கம் போய்விடுவாள். எட்டு வருஷம் இப்படி.

3

இதில் சாமல்பட்டிக்காரர் ஒருவர் வேறு வந்து சேர்ந்தார். பட்டாளத்தில் மாமாவோடு அதே கம்பெனியில் இருந்தவர். துக்கம் விசாரிக்க வந்த மனிதர் பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

"அந்தத் தீவுல கோட்டைக்குள்ள ஒரு பொம்பள ரொட்டிக் கடை வச்சிருக்குதும்மா. லீவு கெடைச்சா உங்க வூட்டுக்காரரு அங்கதான் கெடப்பாரு. மாவு பெசைஞ்சு குடுப்பாரு. நாங்க கப்பலேறுறதுக்கு மொத நாளு ஆளக் காணோம். அங்கியே தங்கிக்கினாருன்னு பசங்க பேசிக்கினாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செத்துப்போனாரா, இன்னொருத்தியோடு இருக்கிறாரா? இந்த இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அக்கா சாமி கும்பிடுவதையே நிறுத்திவிட்டாள். நான் ஊருக்கு வருவதாக எழுதியபோது அவளிடமிருந்து வந்த பதில் சின்னது. 'வர்ற வழியில அந்தத் தீவ எட்டிப் பாத்துட்டு வா. ஒரே வார்த்தையில சொல்லிடு. கதையா சொல்லாத.'

வழியில் எட்டிப் பார்க்க அது நம் ஓசூர் ரோட்டுச் சூளகிரி இல்லை. லண்டனில் விசா கொடுக்கிற கிரேக்க ஆபீசில் எதற்குப் போகிறாய் என்று கேட்டார்கள். என் அக்காவின் கணவரைத் தேட என்றேன். உறவினரைப் பார்க்கப் போகிறேன் என்று போட்டுக்கொண்டார்கள். உறவினரின் விலாசம் வேண்டும் என்றார்கள். விலாசம் தெரிந்தால் நான் ஏன் தேடுகிறேன் என்றேன். அப்படியானால் சுற்றுலா என்று மாற்றிக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் நான் போன ஒரே சுற்றுலா அதுதான். அங்கிருந்த குமாஸ்தா ஒருவர் மட்டும் மனசு இளகி, ஒரு அட்டையில் கிரேக்க எழுத்தில் இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்தார். இவரைத் தெரியுமா? இறந்துவிட்டாரா? இரண்டாவது கேள்வியை வாயாலும் சொல்லிக் கொடுத்தார். 'பேதனே?' பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்று நான் கேட்கவில்லை. ஆமாம், இல்லை எல்லாம் முகத்திலேயே தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

4

ரயில், கப்பல், மறுபடி சின்னக் கப்பல். விடியும்போது ரோட்ஸ் தெரிந்தது.

அழகான ஊர் என்று சொல்லத்தான் வேண்டும். தண்ணீரை ஒட்டிக் கோட்டைச் சுவர். கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் கரையில் வரிசையாகக் காற்றாலைகள். அந்தக் காலத்தில் இந்தத் துறைமுகத்தில் ஆகாசம் முட்ட ஒரு வெண்கல மனிதனை நிறுத்தி வைத்திருந்தார்களாம். பூமி ஆடியதில் விழுந்துவிட்டான். துண்டுகளைப் பிற்காலத்தில் யாரோ உருக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அவன் நின்ற இடம் எது என்று இன்றைக்கும் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய ஆளையே தொலைத்துவிட்டு நிம்மதியாக மீன் விற்கிற ஊரில், ஐந்தரை அடி முனிராஜைத் தேடி வந்து நிற்கிறேனே என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

கப்பல் துறையில் ஒரு கடையில் டீ கேட்டேன். டீக்கு அவர்கள் சொன்ன வார்த்தை 'ட்சாய்'. நம் கிருஷ்ணகிரி பாய் கடையில் சொல்கிற சாய்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அட, நம் சந்தைப் பேச்சுதான் இங்கேயும் ஓடுகிறது என்று நினைத்துவிட்டேன். அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

ரொட்டிக் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கோட்டைக்குள் கூழாங்கல் பாவிய சந்தில், வாசனை வந்த பக்கம் போனேன். உள்ளே ஒரே கூட்டம். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். அக்கா வயதுதான். முழங்கை வரை மாவு. மாமாவின் படத்தையும் அட்டையையும் நீட்டினேன். படத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"பேதனே?" என்றேன்.

"நே" என்றாள். பிறகு மெதுவாக, "நே, நே" என்றாள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் எல்லை ஊர்களில் இல்லை என்று சொல்ல நாலு வார்த்தை உண்டு. தமிழில் இல்லை, கன்னடத்தில் இல்லா, தெலுங்கில் லேது, பாய்மார்கள் பேசுகிற உருதுவில் நை, அவசரத்தில் சொன்னால் நே. இந்த நாலில் சின்னது நை என்பதால் எல்லோர் வாயிலும் அதுதான் புழங்கும். சந்தையில் விலை கேட்டுப் படியாமல் போகிறவர் திரும்பிப் பார்க்காமல் 'நே நே' என்று சொல்லிக்கொண்டே போவார். சின்ன வயதில் அக்காவும் நானும் எதற்கெடுத்தாலும் அப்படித்தான் சொல்வோம். சாப்பிட்டியா? நை. அடிச்சியா? நை. பிராட்ஃபோர்டு ஆலையில் பக்கத்துத் தொட்டியில் நிற்கிற பஞ்சாபிக்காரரும் நாள் முழுக்க 'நஹி நஹி' என்கிறவர்தான். என் காது இப்படியே பழகிய காது.

இறந்துவிட்டாரா? நை. இறக்கவில்லை.

அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். உள்ளே கையைக் காட்டினாள், இரு என்பது போல் உள்ளங்கையைக் காட்டினாள். எனக்கு அது எதுவும் ஏறவில்லை. உள் சுவரில் ஒரு ஆணின் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும்தான் பார்த்தேன். கையை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

5

அன்று பகல் முழுவதும் அந்த ஊரைச் சுற்றினேன். அப்படி ஒரு பகலை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை.

முதலில் ஆனந்தம். இருக்கிறார். என் மாமா இருக்கிறார். கோட்டைச் சுவரில் சாய்ந்துகொண்டு தனியாகச் சிரித்தேன். அது அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. அடுத்து வந்தது கோபம். அங்கே எழுந்து எழுந்து சமையல் பக்கம் போகிறாளே ஒருத்தி, அவளை விட்டுவிட்டு இங்கே சூடான ரொட்டியும் கடல் காற்றுமாக இருக்கிறாயா? கையில் அவள் பெயரை வைத்துக்கொண்டே இன்னொருத்திக்கு மாவு பிசைகிறாயா? எதிரே வந்த கறுத்த முதுகு ஒவ்வொன்றையும் மாமா என்று நினைத்துத் தொடர்ந்தேன். ஒரு மீனவரின் தோளைத் தட்டித் திருப்பியே விட்டேன். அவர் முறைத்தார். என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்து வைத்தேன். குருபரப்பள்ளியில் கேட்டுப் பழகிய வசவு எதையும் விடவில்லை.

வசவெல்லாம் தீர்ந்த பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அக்காவிடம் எதைச் சொல்வேன்? உயிரோடு இருக்கிறார், உன்னை வேண்டாம் என்றுவிட்டார் என்றா? செத்திருந்தால் தேவலையே என்று ஒரு நிமிஷம் மனசார நினைத்தேன். அந்த நினைப்பு என் வாயில் இன்னும் கசக்கிறது.

பொழுது சாயும்போது கால் ஓய்ந்து, தண்ணீரோரம் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தேன். "ட்சாய்" என்றேன். கண்ணாடித் தம்ளரில் கறுப்பாக வந்தது. பால் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? மாட்டு மடியைக் கறப்பதுபோல் இரண்டு கையாலும் கறந்து காட்டினேன். கடைக்காரர் பெரிய மீசைக்காரர். சிரித்துக்கொண்டே, "நே, நே" என்றார்.

இல்லையாம், சரி, கறுப்பாகவே குடிப்போம் என்று தம்ளரை எடுத்தேன். அவர் உள்ளே போய்ச் சின்னச் செம்பில் பால் கொண்டுவந்து வைத்தார்.

பக்கத்து மேஜையில் இருந்த சர்க்கரையைக் காட்டினேன். "நே" என்றார். எடுத்துக் கொடுத்தார்.

தம்ளரைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "ட்சாய்?" என்றேன்.

"நே" என்றார். "ட்சாய்."

தம்ளரைப் பார்க்காமல் வைத்ததில் கவிழ்ந்து டீ மேஜையெல்லாம் கொட்டியது. அவர் பதறித் துணி எடுத்துவந்து துடைத்தார். சுட்டுவிட்டதா என்று என் விரலைப் பிடித்துப் பார்த்தார். அந்த ஊரில் நே என்றால் ஆமாம்.

6

ரொட்டிக் கடையில் கூட்டம் இல்லை. அவள் எனக்காகவே உட்கார்ந்திருந்தது போல இருந்தது. என் முகத்தைப் பார்த்ததும், காலையில் ஏன் ஓடினேன், இப்போது ஏன் வந்தேன் என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். மாவுப் பலகையின் மேல் ஒரு பிடி மாவை எடுத்துப் பரப்பினாள். தன் இடது முன்கையைத் தொட்டுக் காட்டினாள். பிறகு விரலால் மாவில் எழுதினாள்.

ந. பக்கத்தில் ஒரு கால். க. ம. மறுபடி ஒரு கால்.

கோலம் போடுகிறவள்போலக் கீழிருந்து மேலாக இழுத்து, என்ன எழுத்து என்று அறியாமல் எழுதினாள். ஆனால் ஒன்றும் தப்பவில்லை. 'ம்' இல்லாததுகூட அப்படியே இருந்தது. கிருஷ்ணகிரிச் சந்தையில் ஆடு மிதித்த இடம். நான் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

கடலைக் காட்டினாள். அலை வந்து கரையில் ஒதுக்குவதைக் கையால் காட்டினாள். கப்பல் போய்விட்டது என்று தூரத்தைக் காட்டினாள். பட்டாளம் போன பிறகு மாமாவின் உடல் கரை ஒதுங்கியிருக்கிறது. வெடியா, தண்ணீரா, என்ன நடந்தது என்று அவளுக்கும் தெரியாது. சுவரில் தொங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் புருஷன் உள்ளேயிருந்து வந்தான். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். பகல் முழுவதும் மனசுக்குள் நான் திட்டிய திட்டெல்லாம் இந்த இரண்டு பேருக்கும் சேர்ந்தது. காலில் விழாத குறையாகக் கும்பிட்டேன்.

அழைத்துக்கொண்டு போனார்கள். கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே, கடலைப் பார்த்த சரிவு. அவர்களுடைய சாமிக்கு உட்படாத ஆள் என்பதால் வெளியே. ஆனாலும் சுற்றிலும் சுத்தமாகப் பெருக்கி, ஒரு விளக்கு வைத்திருந்தார்கள். நட்டிருந்த கல்லில் செத்தவரின் பெயர் செதுக்கியிருந்தது. கடைக்கு வந்துபோன ஆளின் பெயர் அவர்களுக்குத் தெரியாது; சட்டைப் பையில் காகிதம் இல்லை, கழுத்தில் தகடு இல்லை, கையில்தான் ஏதோ எழுதியிருக்கிறது, அதுதான் அவன் பெயராக இருக்கும் என்று நினைத்து அப்படியே பார்த்துச் செதுக்கிவிட்டார்கள்.

நாகமா.

குருபரப்பள்ளியில் என் அக்கா வளையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கே அவளுக்குக் கல் நட்டு விளக்கு ஏற்றியிருக்கிறார்கள். இந்தத் தப்பை எப்படித் திருத்துவது? யாரிடம் சொல்வது? அந்தப் பெண் எண்ணெய்ப் புட்டியை என்னிடம் நீட்டினாள். விளக்கில் எண்ணெய் விட்டேன். கல்லை மாற்றச் சொல்லவில்லை. மாமா உயிரோடு இருந்தவரை அவர் மட்டுமே கூப்பிட்ட பெயர் அது, அவரோடேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

7

பம்பாயிலிருந்து ரயில், பெங்களூரிலிருந்து பஸ். ஓசூர் தாண்டியதும் பஸ்ஸுக்குள் மூன்று பாஷையில் சண்டை நடந்தது. மூன்றும் எனக்குப் புரிந்தது. அழுகை வந்தது. வழி நெடுக அந்த ஒரு வார்த்தையை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். செத்துட்டார். போயிட்டார். இல்லை. எதுவும் நாக்கில் நிற்கவில்லை.

குருபரப்பள்ளியில் ரோட்டோரத்திலேயே எல்லோரும் நின்றார்கள். மாமனார், மாமியார், கொழுந்தனார், பங்காளிகள். கொஞ்சம் தள்ளி, ஒரு வெள்ளைப் புடவை மடித்து வைத்த கூடையோடு ஒரு கிழவி. தகவல் வந்ததும் வேலையை முடித்துவிடலாம் என்று தயாராக வந்திருக்கிறார்கள். அக்கா எல்லோருக்கும் முன்னால் நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. நெற்றி நிறையப் பொட்டு. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், சண்டைக்குப் போகிறவள் மாதிரி.

நல்லா இருக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒரே வார்த்தை" என்றாள். "செத்துட்டாராடா?"

நான் அவள் வளையலைப் பார்த்தேன், கூடையைப் பார்த்தேன். அந்தத் தீவுக்காரி மாமாவின் படத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தைதான் வாயில் வந்தது.

"நே" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அந்தத் துறைமுகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் குருபரப்பள்ளி அதை நம் சந்தைப் பேச்சாகத்தான் கேட்டது. மாமியார் ஓவென்று அழுதுகொண்டு என்னைக் கட்டிக்கொண்டார். கூடைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். "எங்க இருக்கான்? எப்ப வரான்?" என்று மாமனார் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

அக்கா குறுக்கே வந்து அவர் கையை விலக்கினாள்.

"அவன இன்னாத்துக்குக் கேள்வி கேக்கறீங்க? நான் கேட்டேன், அவன் சொல்லிட்டான்" என்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வாடா. கை கால் கழுவிட்டுச் சாப்புடு."

ஒரு மாதம் அவளோடு இருந்தேன். கடல் எப்படி இருக்கும் என்று கேட்டாள், சொன்னேன். அந்த ஊர் ரொட்டி எப்படி இருக்கும் என்று கேட்டாள், சொன்னேன். அந்த வருஷத்திலிருந்து கல்யாணத் தட்டு அவளிடம் தயங்காமல் வந்தது. தட்டை வாங்கிக்கொள்வாள், முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது.

அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அக்கா கடைசி வரை கேட்கவே இல்லை.